மேடிசன் ஸ்கொயர் கார்டன்: ஓர் உள்ளரங்கின் நூற்றைம்பது ஆண்டுகள்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், ஏழாம் அவென்யூவுக்கும் எட்டாம் அவென்யூவுக்கும் நடுவே, 31ஆம் தெருவிலிருந்து 33ஆம் தெரு வரையுள்ள நிலத்தில் வட்டமாக எழுந்து நிற்கிறது மேடிசன் ஸ்கொயர் கார்டன். கூடைப்பந்து ஆட்டத்துக்கு ஏறத்தாழ 19,800 பேரும் ஐஸ் ஹாக்கிக்கு 18,000 பேரும் உட்காரலாம். நகரத்தார் சுருக்கமாகக் 'கார்டன்' என்பார்கள். இந்தப் பெயரில் நகரம் கண்ட நான்காவது கட்டடம் இது. முதல் இரண்டும் 26ஆம் தெருவில், அமெரிக்காவின் நான்காவது குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மேடிசனின் பெயர் தாங்கிய சதுக்கத்தின் ஓரத்தில் இருந்தன. மூன்றாவது எட்டாம் அவென்யூவில், 49ஆம் தெருவுக்கும் 50ஆம் தெருவுக்கும் இடையே இருந்தது. சதுக்கத்தை விட்டு வந்து நூறாண்டு ஆகிறது. பெயரை மட்டும் எந்த முதலாளியும் விடவில்லை; டிக்கெட்டை விற்றுத் தந்தது அந்தப் பெயர்தான்.

உள்ளரங்கம் என்பது பெரும் செலவில் கூரை போட்ட ஒரு காலித் தரை. ஒரு கூடைப்பந்து அணி தன் ஊரில் ஒரு பருவத்தில் ஆடும் ஆட்டங்கள் 41தான். ஐஸ் ஹாக்கி அணியும் ஏறக்குறைய அவ்வளவே. மீதி நாள்களிலும் கடனுக்கு வட்டி ஓடும், ஊழியருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆடி மாதத்தில் கல்யாண மண்டபத்துக்காரர் படும் கவலை ஆண்டு முழுவதும் அரங்கத்துக்காரருக்கு உண்டு. குத்துச்சண்டை, நாய்க் கண்காட்சி, கட்சி மாநாடு, சர்க்கஸ், மதக் கூட்டம், பாட்டுக் கச்சேரி என ஒன்றோடொன்று ஒட்டாத இத்தனையும் ஒரே கூரைக்கடியில் சேர்ந்ததற்கு, பல கலைகளையும் வளர்க்கும் நோக்கம் காரணமல்ல. காலி நாள்களை நிரப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கார்டனின் வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் பல திருப்பங்கள் தாமாகவே விளங்கும்.

தொடக்கம் ஒரு பழைய ரயில் நிலையத்தில். 26ஆம் தெருவில் நியூயார்க் அண்டு ஹார்லம் ரயில் நிறுவனத்தின் பயணிகள் நிலையம் இருந்தது. 1871ல் 42ஆம் தெருவில் கிராண்ட் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டதும் இந்த இடத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. ரயில் நிறுவனமும் நிலமும் கோர்னீலியஸ் வாண்டர்பில்ட்டின் கையில் இருந்தன. 1874ல் அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் பி. டி. பார்னம். விநோதக் காட்சிகளால் பணம் குவித்த அவர், கூரையில்லாத நீள்வட்டத் திடல் ஒன்றை அங்கே அமைத்து, ரோமானியத் தேரோட்டம் முதலான காட்சிகளை நடத்தினார்; அதற்கு 'ஹிப்போட்ரோம்' என்று பெயரிட்டார். 1876ல் ட்வைட் மூடி என்ற சுவிசேஷகர் வாரக்கணக்கில் அங்கே எழுப்புதல் கூட்டம் நடத்தினார். தேர் ஓடிய மண்ணில் ஜெபம் நடந்தது. அதே ஆண்டு குத்தகை பாட்ரிக் கில்மோர் என்ற பேண்டு வாத்தியத் தலைவரிடம் போயிற்று. பூச்செடிகளும் நீரூற்றுகளும் வைத்து அதைக் 'கில்மோர் கார்டன்' ஆக்கினார் அவர். கோடை மாலைகளில் பேண்டு இசை. 1877ல் வெஸ்ட்மின்ஸ்டர் கென்னல் கிளப் தன் முதல் நாய்க் கண்காட்சியை அங்கே நடத்தியபோது 1,201 நாய்கள் வந்தன. அந்தக் கண்காட்சி இன்றும் நடக்கிறது. கார்டனின் வாடகைதாரர்களில் மூத்தவர் அதுதான்.

1877ல் வாண்டர்பில்ட் இறந்தபின் குடும்பத்தார் இடத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். 1879 மே 31 அன்று 'மேடிசன் ஸ்கொயர் கார்டன்' என்ற பெயர் சூட்டப்பட்டது. 1882ல் லண்டன் உயிரியல் பூங்காவிலிருந்து பார்னம் வாங்கிவந்த 'ஜம்போ' யானை இங்கேதான் நியூயார்க்குக்கு அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டு தேசியக் குதிரைக் கண்காட்சி தொடங்கியது. குத்துச்சண்டை வீரர் ஜான் எல். சல்லிவன் பெயரைக் கேட்டாலே கூட்டம் கூடியது. ஆனால் பரிசுக்காக மோதிக்கொள்ளும் சண்டை அன்று நியூயார்க் மாநிலத்தில் சட்டவிரோதம். அதனால் சண்டைகள் 'செயல்விளக்கம்' என்றும் 'விளக்கச் சொற்பொழிவு' என்றும் விளம்பரம் செய்யப்பட்டன. சொற்பொழிவுக்கு அவ்வளவு கூட்டம் வந்தது உலக வரலாற்றிலேயே அரிது.

சைக்கிள் பந்தயமும் அக்காலத்தில் கார்டனின் பெரும் வருமானம். 1890களில், அடுத்து எழுந்த இரண்டாவது கட்டடத்தில், ஆறு நாள் பந்தயங்கள் நடந்தன: மரத்தாலான வட்டப் பாதையில் ஓட்டுநர்கள் உறக்கமின்றிச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், ஆறாம் நாள் முடிவில் அதிகத் தொலைவு கடந்தவருக்குப் பரிசு. ஓட்டுநர்கள் மயங்கி விழுவதையும் மனம் பேதலிப்பதையும் பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஒருவர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. அரங்கத்தார் சட்டத்தை மீறவில்லை, பந்தயத்தையும் நிறுத்தவில்லை. இரண்டு பேர் கொண்ட அணிகளாக்கி, மாறிமாறி ஓட்டச் சொன்னார்கள். அந்த முறைக்கு 'மேடிசன்' என்றே பெயர் நிலைத்தது. 2000ல் சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 'மேடிசன்' பந்தயத்தின் மூலம் இதுவே.

முதல் கட்டடம் குளிர்காலத்தில் உறையவும் கோடையில் வேகவும் வைத்தது. 1889ல் அதை இடித்தார்கள். ஜே. பி. மார்கன், ஆண்ட்ரூ கார்னெகி, பார்னம் ஆகியோர் அடங்கிய குழு முதல் போட, ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் வரைந்த இரண்டாவது கார்டன் 1890 ஜூன் 16 அன்று அதே இடத்தில் திறக்கப்பட்டது. நான்கு கட்டடங்களில் அழகானது இதுதான் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரின் ஹிரால்டா கோபுரத்தை மாதிரியாகக் கொண்டு எழுந்த அதன் கோபுரம், அன்று நகரின் இரண்டாவது உயரமான கட்டடம். உச்சியில் அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் வடித்த வேட்டைத் தேவதை டயானாவின் சிலை, காற்றுவாக்கில் திரும்பும்படி நிறுத்தப்பட்டிருந்தது. முதலில் வைத்த 18 அடிச் சிலை கோபுரத்துக்குப் பெரிதாகத் தெரிந்ததால் இறக்கப்பட்டு, 13 அடிச் சிலை ஏற்றப்பட்டது. தேவதை ஆடையின்றி நிற்பதைக் கண்டித்து ஒரு சாரார் எழுதித் தள்ளினார்கள்; இன்னொரு சாரார் தொலைநோக்கியோடு சதுக்கத்துக்கு வந்தார்கள்.

உள்ளே 350 அடி நீளமும் 200 அடி அகலமும் கொண்ட பெருங்கூடம், 8,000 நிலையான இருக்கைகள். அதோடு 1,200 பேர் அமரும் நாடக அரங்கு, 1,500 பேருக்கான இசைக்கூடம், உணவகம், மொட்டைமாடியில் கோடைக் கேளிக்கை அரங்கு. ஒரே கட்டடத்தில் பல அளவு கூடங்களை வைத்தால் சிறு கூட்டத்துக்கும் வாடகை வாங்கலாம் என்ற கணக்கு அதில் இருந்தது. கணக்கு பலிக்கவில்லை. பெருங்கூடம் பல மாதங்கள் சும்மா கிடந்தது. ஆயினும் அங்கே நடந்தவை சாதாரணமானவை அல்ல. 1900 நவம்பரில் அமெரிக்காவின் முதல் பெரிய மோட்டார் வாகனக் கண்காட்சி இங்கே நடந்தது. கூடத்தைச் சுற்றி மரப்பாதை போட்டு வண்டிகளை ஓட்டிக் காட்டினார்கள். 1906 ஜூன் 25 இரவு, தான் கட்டிய கட்டடத்தின் மொட்டைமாடி அரங்கில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டான்ஃபோர்ட் ஒயிட்டை, ஹாரி தா என்ற பணக்கார வாரிசு சுட்டுக் கொன்றான். அவன் மனைவி ஈவ்லின் நெஸ்பிட்டைச் சிறு வயதில் ஒயிட் சீரழித்தார் என்பது அவன் சொன்ன காரணம். நகரின் செய்தித்தாள்கள் ஆண்டுக்கணக்கில் அந்த வழக்கில் பிழைத்தன.

1913 ஜூன் 7 அன்று வேறொரு வகைக் கூட்டம் வந்தது. நியூ ஜெர்சியின் பேட்டர்சன் ஊர்ப் பட்டாலைத் தொழிலாளர் ஆயிரம் பேருக்கு மேல், தங்கள் வேலைநிறுத்தத்தைத் தாங்களே நடித்துக் காட்டினார்கள். ஆலைச் சங்கு ஒலிப்பது, போலீஸ் தாக்குவது, சுடப்பட்டவரின் சவ ஊர்வலம் எல்லாம் மேடையில் நிகழ்ந்தன. பின்னர் ரஷ்யப் புரட்சியைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜான் ரீட் அதை இயக்கினார். கோபுரத்தின் மேல் அவர்களது தொழிற்சங்கத்தின் பெயர் எழுத்துகள் சிவப்பு மின்விளக்குகளில் எரிந்தன. கூடம் நிரம்பியது, ஆனால் வாடகையும் மேடைச் செலவும் போக, சங்கத்துக்கு நட்டமே மிஞ்சியது. வேலைநிறுத்தமும் சில வாரங்களில் தோற்றது.

கட்டடத்தின் கடைசிப் பெருநிகழ்ச்சி 1924ல் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாடு. ஜூன் 24ல் தொடங்கி ஜூலை 9 வரை நீண்டது. கத்தோலிக்கரான நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித் ஒரு பக்கம். தெற்கு, மேற்கு மாநிலங்களின் ஆதரவு பெற்ற வில்லியம் மெக்காடூ மறுபக்கம். கூ கிளக்ஸ் கிளானைப் பெயர் சொல்லிக் கண்டிப்பதா வேண்டாமா என்பதிலேயே கட்சி இரண்டாகப் பிளந்தது. 103 சுற்று வாக்கெடுப்புக்குப் பின், இருவருமே இல்லாமல் ஜான் டேவிஸ் வேட்பாளரானார். புழுக்கத்தில் நடந்த இந்தக் கூத்தை வானொலி வழியே நாடே கேட்டது. போலியோவில் கால்கள் செயலிழந்திருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஊன்றுகோலோடு மேடையேறி ஸ்மித்தை முன்மொழிந்தது இங்கேதான். கட்சிக்கு அந்த மாநாடு பேரிழப்பு. ரூஸ்வெல்ட்டுக்கு அது பொதுவாழ்வுக்குத் திரும்பிய நாள். அடமானத்தைக் கையில் வைத்திருந்த நியூயார்க் லைஃப் காப்பீட்டு நிறுவனம், மாநாடு முடிந்த மறு ஆண்டே கட்டடத்தை இடிக்கத் தொடங்கித் தன் தலைமை அலுவலகத்தைக் கட்டிக்கொண்டது. டயானா இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் நிற்கிறாள்.

1920ல் நியூயார்க் மாநிலம் குத்துச்சண்டையைச் சட்டபூர்வமாக்கியதும் கார்டனின் கதி மாறியது. டெக்ஸ் ரிக்கர்ட் என்ற சண்டை ஏற்பாட்டாளர் எட்டாம் அவென்யூவில், டிராம் வண்டிகள் நிறுத்தும் கொட்டகை இருந்த இடத்தைப் பிடித்து, 249 நாள்களில் மூன்றாவது கார்டனை எழுப்பினார். வரைந்தவர் தாமஸ் லாம். திரையரங்குகள் கட்டுவதில் பெயர் பெற்றவர். 1925ல் திறந்த இந்தக் கட்டடத்துக்கு முகப்பழகு என்று ஏதும் கிடையாது. நடுவில் குத்துச்சண்டை மேடை, சுற்றிலும் 18,000க்கு மேற்பட்டோருக்கு இடம். அதற்கு மேல் ரிக்கர்ட் எதையும் கேட்கவில்லை. ஹாக்கிக்கும் கூடைப்பந்துக்கும் மேல்மாடத்திலிருந்து பார்த்தால் களத்தின் ஓரம் மறைந்துவிடும். புகைபிடிக்கத் தடையில்லாததால் ஆட்டம் முன்னேற முன்னேற மேல்வரிசையில் புகைமண்டலம் கவியும். இந்தக் குறைகளோடு அது 43 ஆண்டுகள் ஓடியது. அமெரிக்க விளையாட்டு உலகில் 'கார்டன்' என்ற சொல்லுக்கு மதிப்பு ஏறியதும் இந்த அழகற்ற கட்டடத்தில்தான்.

காரணம், ரிக்கர்ட் நாள்காட்டியை நிரப்பிய விதம். 1926ல் ரேஞ்சர்ஸ் ஹாக்கி அணியைத் தாமே தொடங்கினார். வாடகைதாரரை எதிர்பார்த்து உட்காராமல், அரங்கமே அணியை வைத்துக்கொள்வது அன்று துணிச்சலான ஏற்பாடு. பின்னாளில் பெரும் அரங்குகள் பலவும் இதே வழியில் போயின. வசந்தத்தில் ரிங்லிங் சர்க்கஸ் தன் ஆண்டுப் பயணத்தை இங்கே தொடங்கும், இலையுதிர் காலத்தில் மாடுபிடி வீரர்களின் ரோடியோ, குளிர்காலத்தில் ஹாக்கி, வெள்ளிக்கிழமை இரவு குத்துச்சண்டை. 1929 ஜனவரியில் ரிக்கர்ட் இறந்தபோது அவர் உடலை அரங்கின் நடுத்தரையில் கிடத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து பார்த்தார்கள்.

1934 டிசம்பரில் நெட் ஐரிஷ் என்ற இளம் நிருபர், கல்லூரி அணிகளின் இரண்டு கூடைப்பந்து ஆட்டங்களை ஒரே இரவில், ஒரே டிக்கெட்டில் நடத்திப் பார்த்தார். 16,000க்கு மேற்பட்டோர் வந்தார்கள். அதுவரை கல்லூரி உடற்பயிற்சிக் கூடங்களில் முடங்கியிருந்த விளையாட்டு, அந்த இரவோடு பெருங்கூட்டத்துக்கு உரியதாயிற்று. 1946ல் நிக்ஸ் என்ற தொழில்முறை அணியும் வந்தது. கூட்டத்தோடு சூதாட்டமும் வந்தது. 1950ல் நாட்டின் இரண்டு பெரிய கல்லூரிப் போட்டிகளையும் இதே தரையில் வென்ற நியூயார்க் சிட்டி கல்லூரி அணியின் வீரர்கள், அடுத்த ஆண்டே சூதாடிகளிடம் பணம் வாங்கிப் புள்ளிகளைக் குறைத்து ஆடியதற்காகக் கைது செய்யப்பட்டார்கள். குத்துச்சண்டையின் நிலை இன்னும் மோசம். ஜேம்ஸ் நாரிஸ் தலைமையில் கார்டனோடு பிணைந்திருந்த குழு, பட்டச் சண்டைகளை ஏகபோகமாக்கி வைத்திருந்தது. 1959ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியைக் கலைத்தது. 1962 மார்ச்சில் எமில் கிரிஃபித்தின் அடி மழையில் கயிற்றோரம் சாய்ந்த பென்னி பாரெட், நினைவு திரும்பாமல் பத்து நாளில் இறந்தார். அந்தச் சண்டையை நாடே தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அரசியலுக்கும் இந்தத் தரையே வாடகைக்குக் கிடைத்தது. 1936 அக்டோபர் 31 அன்று ரூஸ்வெல்ட் தன் இரண்டாம் தேர்தலின் பெரும் பேச்சைப் பேசியதும், 1937 மார்ச்சில் யூத அமைப்புகள் ஹிட்லருக்கு எதிராகத் திரண்டதும் இங்கே. 1939 பிப்ரவரி 20 அன்று ஜெர்மன் அமெரிக்க புண்ட் என்ற அமெரிக்க நாஜி அமைப்பு அதே கூடத்தை எடுத்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளைச் சாக்காக வைத்து, அவர் உருவத்தை முப்பதடி உயரத்தில் நிறுத்தி, இரு பக்கமும் ஸ்வஸ்திகக் கொடிகள் தொங்கவிட்டார்கள். உள்ளே சுமார் 20,000 பேர், வெளியே எதிர்ப்பாளர்கள், நடுவே பெரும் போலீஸ் படை. தலைவர் ஃபிரிட்ஸ் கூன் பேசும்போது மேடையேறிய யூத இளைஞர் ஒருவரைச் சீருடைக்காரர்கள் அடித்து வீழ்த்தினார்கள். கூட்டத்தைத் தடுக்கக் கோரிக்கை வந்தபோது, பேச்சுரிமையைக் காட்டி மேயர் லாகார்டியா மறுத்திருந்தார். அவர் தாய் யூதர், அவரே ஹிட்லரின் கடும் எதிரி. நான்காண்டு கழித்து, 1943 மார்ச் 9 அன்று, ஐரோப்பாவில் கொல்லப்படும் யூதர்களுக்காக பென் ஹெக்ட் எழுதி கர்ட் வைல் இசையமைத்த அஞ்சலி நிகழ்ச்சியை ஒரே இரவில் இரு காட்சிகளாக 40,000 பேர் பார்த்தார்கள். ஒரே தரை இரண்டுக்கும் இடம் கொடுத்ததை அரங்கின் நடுநிலைமை என்று சிலர் புகழ்வது உண்டு. வாடகை ரசீதில் நடுநிலைமை தானாக வந்துவிடுகிறது என்பதே சரி.

1962 மே 19 அன்று அதிபர் கென்னடியின் பிறந்தநாளையொட்டி நடந்த கட்சி நிதி நிகழ்ச்சியில் மர்லின் மன்றோ பிறந்தநாள் வாழ்த்துப் பாடினார். அந்தச் சில நொடிகள்தான் மூன்றாவது கார்டனைப் பற்றி இன்று பலருக்கும் தெரிந்த ஒரே செய்தி. 1968ல் கட்டடம் இடிபட்ட பின், அந்த நிலம் இருபதாண்டுக்கு வாகன நிறுத்துமிடமாகக் கிடந்தது.

நான்காவது கார்டனின் பிறப்பில் ஓர் இழப்பும் சேர்ந்தே இருக்கிறது. 1910ல் பென்சில்வேனியா ரயில் நிறுவனம் கட்டிய பென் ஸ்டேஷன், பழங்கால ரோமின் குளியல் மாளிகைகளை மாதிரியாகக் கொண்ட, கருங்கல் தூண் வரிசைகளோடு கூடிய மாபெரும் கட்டடம். வரைந்தது மெக்கிம், மீட் அண்டு ஒயிட் நிறுவனம். இரண்டாவது கார்டனை வரைந்த ஸ்டான்ஃபோர்ட் ஒயிட்டின் அதே நிறுவனம். 1950களில் விமானமும் காரும் பயணிகளைப் பறிக்க, ரயில் நிறுவனம் நட்டத்தில் தத்தளித்தது. நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் கட்டும் உரிமையை அது கார்டன் நிறுவனத்துக்குக் கொடுத்தது. பதிலுக்குத் தெருவுக்கு அடியில் குளிரூட்டப்பட்ட சிறிய நிலையமும் புதிய வளாகத்தில் கால் பங்கும் கிடைத்தன. 1963 அக்டோபர் 28 அன்று இடிக்கத் தொடங்கி மூன்றாண்டு இடித்தார்கள்; அதற்கிடையிலும் கீழே ரயில்கள் ஓடின. நகரம் கொதித்தது. 1965ல் நியூயார்க்கின் தொன்மைக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு இந்த இடிப்பே முதன்மையான தூண்டுதல். 1978ல் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் அடுக்குமாடி எழுப்பும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடுத்தது அதே சட்டம்.

சார்லஸ் லக்மன் வரைந்த புதிய கார்டன் 1968 பிப்ரவரி 11 அன்று பாப் ஹோப், பிங் கிராஸ்பி நிகழ்ச்சியோடு திறந்தது. வெளியே பார்க்க எண்ணெய்க் கிடங்கு போலத் தோன்றும் இதன் சிறப்பு கூரையில் இருக்கிறது. சுற்றுவட்டத்திலிருந்து மையத்தை நோக்கி இழுத்துக் கட்டிய 48 எஃகு வடங்கள் ஏறத்தாழ 400 அடி விட்டமுள்ள கூரையைத் தாங்குகின்றன. உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் களம் மறைவதில்லை. ரயில் நிலையம் கீழே இருப்பதால் ஆடுகளம் தரைமட்டத்தில் இல்லை, ஐந்தாம் மாடி உயரத்தில் இருக்கிறது. சர்க்கஸ் காலத்தில் யானைகள் நள்ளிரவில் குயின்ஸ் மிட்டவுன் சுரங்கப்பாதை வழியாக ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நடந்து வந்து, சாய்தளம் ஏறி அரங்குக்குள் நுழைவதைப் பார்க்கக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2016ல் ரிங்லிங் யானைகளுக்கு ஓய்வு கொடுத்தது. அந்தக் காட்சி இன்று இல்லை.

தரையை மாற்றும் வேலை தனித் தொழில். கான்கிரீட் தரைக்குள் பதித்த குழாய்களில் உறைகுளிர் திரவம் ஓடும். அதன்மேல் நீரைப் படலம் படலமாகத் தெளித்து ஓர் அங்குலம் அளவுக்குப் பனித்தளம் எழுப்புவார்கள். ஹாக்கி முடிந்ததும் பனியை உருக்குவதில்லை. வெப்பம் புகாத பலகைகளை மேலே பரப்பி, அதன்மேல் மேப்பிள் மரப் பலகைகளைப் பூட்டிக் கூடைப்பந்துக் களமாக்குகிறார்கள். பக்கச் சுவர்களின் கண்ணாடியைக் கழற்றி, இருக்கை வரிசைகளைக் களத்தின் விளிம்பு வரை இழுத்துவிடுவார்கள். பகலில் ஹாக்கி, இரவில் கூடைப்பந்து என்றால் எல்லாம் சில மணி நேரத்தில் முடிய வேண்டும். குதிரைக் கண்காட்சிக்கும் ரோடியோவுக்கும் லாரி லாரியாக மண் கொட்டி, முடிந்ததும் அள்ளிப் போனார்கள். பாட்டுக் கச்சேரிக்கு வேறு சிக்கல்: ஒலிபெருக்கி, விளக்கு, திரை எல்லாம் கூரையிலிருந்து தொங்க வேண்டும், மேடைக்குப் பின்னாலிருக்கும் இருக்கைகள் விற்காமல் போகும்.

புதிய கார்டன் மூன்றே ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகளால் உலகப் புகழ் பெற்றது. 1971 மார்ச் 8 அன்று தோல்வி காணாத இரு ஹெவிவெயிட் வீரர்கள், முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதினார்கள். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்ட அலிக்கு இது மீட்சிப் போராட்டம். ஆளுக்கு 25 லட்சம் டாலர், அன்று யாரும் கேட்டிராத தொகை. 15ஆம் சுற்றில் அலியைத் தரையில் சாய்த்த ஃபிரேசியர், நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் வென்றார். களத்தோரம் இடம் கிடைக்காத பிராங்க் சினாட்ரா, லைஃப் பத்திரிகைக்குப் புகைப்படக்காரராக வந்து நின்றார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று நடந்தது வங்கதேசத்துக்கான கச்சேரி. கிழக்கு பாகிஸ்தானில் போரும் புயலும் துரத்திய அகதிகளுக்காக சிதார் மேதை ரவி சங்கர், தம் மாணவரும் பீட்டில்ஸ் கலைஞருமான ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். சில வாரங்களில் ஏற்பாடு செய்த இரண்டு காட்சிகளுக்கும் சேர்த்து 40,000 பேர் வந்தார்கள். தொடக்கத்தில் ரவி சங்கர், சரோத்தில் அலி அக்பர் கான், தபலாவில் அல்லா ரக்கா, தம்பூராவில் கமலா சக்கரவர்த்தி. சுருதி சேர்த்து முடித்தபோதே கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவி சங்கர் சிரித்தபடி சொன்னார். டிக்கெட் வசூல் 2,43,418 டாலர் யூனிசெஃபுக்குப் போயிற்று. இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெருந்தொகை வரித் தகராறில் ஆண்டுக்கணக்கில் சிக்கியது. குறை இருந்தாலும், பின்னாளில் ராக் இசைக்காரர்கள் நடத்திய நிவாரணக் கச்சேரிகள் அனைத்துக்கும் முன்மாதிரி இதுவே. 2001 அக்டோபரில் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின்னும், 2012 டிசம்பரில் சாண்டி புயலுக்குப் பின்னும் இதே அரங்கில் அப்படிக் கச்சேரிகள் நடந்தன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1976, 1980, 1992 ஆண்டுகளில் ஜனநாயகக் கட்சியும், 2004ல் குடியரசுக் கட்சியும் இங்கே மாநாடு நடத்தின. 1979ல் போப் இரண்டாம் ஜான் பால் இளைஞர்களைச் சந்தித்தார். 2015ல் போப் பிரான்சிஸ் திருப்பலி நிறைவேற்றினார். 1985ல் மல்யுத்த நிறுவனத்தின் முதல் 'ரெசில்மேனியா' நடந்தது. 2014 செப்டம்பர் 28 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அமெரிக்கவாழ் இந்தியர்களிடையே பேசினார். பாடகர் பில்லி ஜோயல் 2014 முதல் 2024 ஜூலை வரை பெரும்பாலும் மாதம் ஒரு கச்சேரி என்று வைத்துக்கொண்டு, இந்த அரங்கில் தம் 150ஆவது கச்சேரியோடு அந்தத் தொடரை முடித்தார். ரேஞ்சர்ஸ் அணி 54 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 1994ல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. நிக்ஸ் 1970ல் முதல் பட்டத்தை வென்றது இந்தத் தரையில்தான். வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சி, கொரோனாக் காலத்தில் வெளியேறி 2025ல் திரும்பி வந்தது.

2011 முதல் 2013 வரை மூன்று கோடைகளில், பருவம் தொடங்கும்போது திறந்து, முடிந்ததும் மூடி, சுமார் 100 கோடி டாலர் செலவில் உட்புறத்தைப் புதுப்பித்தார்கள். கூரையிலிருந்து தொங்கும் இரண்டு பார்வையாளர் பாலங்கள் அப்போது வந்தவை. பணம் நிறுவனத்தினுடையது, ஆனால் 1982 முதல் கார்டன் சொத்து வரியே கட்டுவதில்லை. அணிகள் வேறு ஊர் போய்விடக் கூடாது என்று அன்று மாநில அரசு கொடுத்த சலுகை அது. கால வரம்பு இல்லாததால், இன்றும் ஆண்டுதோறும் பல கோடி டாலர் நகருக்கு வராமல் போகிறது. நெருக்கடியிலிருந்த நகரம் அவசரத்தில் போட்ட கையெழுத்து என்று கொண்டாலும், நாற்பதாண்டு கழித்தும் அதைத் தொடர்வதற்கு நியாயம் காண்பது கடினம்.

பெரிய சிக்கல் கீழே இருக்கிறது. கொரோனாவுக்கு முன் பென் ஸ்டேஷனை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். அவர்கள் தாழ்ந்த கூரையுள்ள வெளிச்சமில்லாத நடைவழிகளில் நெருக்கியடித்துப் போகிறார்கள். அரங்கைத் தாங்கும் தூண்கள் குறுகிய நடைமேடைகளை அடைத்து நிற்கின்றன. கச்சேரிச் சாமான்களைக் கொண்டுவரும் லாரிகளுக்கு வளாகத்தில் போதிய இடமில்லாததால் அவை தெருவை அடைக்கின்றன. 2021 ஜனவரியில் எதிரேயுள்ள பழைய அஞ்சலகக் கட்டடத்தில் திறந்த மொய்னிஹன் ரயில் கூடம் ஒரு பகுதிப் பயணிகளுக்கு வெளிச்சம் தந்தது. மற்றவர்களில் பலருக்குப் பெரிய மாற்றமில்லை. அரங்கை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று நகர அமைப்பு வல்லுநர்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டில் மூன்று முறை கட்டடத்தை விட்டுப் புதியதற்குப் போன அரங்குக்கு நான்காவது முறை போவது புதிதல்ல. அத்தனை பெரிய நிலம் மன்ஹாட்டனில் யார் தருவார், செலவை யார் ஏற்பார் என்பதில்தான் பேச்சு நிற்கிறது. அந்த இடத்தில் அரங்கம் நடத்த 1963ல் நகரம் கொடுத்த அனுமதி ஐம்பதாண்டுக்கானது. 2013ல் நகர மன்றம் பத்தாண்டு நீட்டித்தது. 2023 செப்டம்பரில் ஐந்தாண்டு மட்டுமே கொடுத்தது. அது 2028ல் முடிகிறது.